மேயர், 'ஜெனரல்', சதுப்பு நரி: ஜெஃப் தாம்ப்சன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி நண்பர்களோடு பேச ஆரம்பித்தால் லிங்கன், லீ, கிராண்ட் என்று மூன்று பெயரோடு பேச்சு முடிந்துவிடும். நான் மட்டும் நான்காவதாக ஒரு பெயரை இழுத்து வருவேன்: ஜெஃப் தாம்ப்சன். உடனே கேள்விகள் வரும். கேட்கிற ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இந்த ஜெஃப் தாம்ப்சன் யாருங்க? சுருக்கமா சொல்லுங்க.

மிசூரி மாநிலத்தில் செயின்ட் ஜோசப் என்ற ஆற்றங்கரை ஊரின் மேயராக இருந்தவர். தொழிலால் நில அளவையாளர். 1861-இல் போர் வெடித்ததும் நாட்டைவிட்டுப் பிரிந்துபோன தென்தரப்பில் சேர்ந்து, தென்கிழக்கு மிசூரியின் சதுப்புக் காடுகளுக்குள் இருந்துகொண்டு வடதரப்புப் படைக்குத் தொல்லை கொடுத்தார். பிறந்தது 1826 ஜனவரி 22, இறந்தது 1876 செப்டம்பர் 5. வாழ்ந்தது ஐம்பது வருடம்தான்.

பெரிய போர் எதையும் அவர் ஜெயிக்கவில்லை, போரின் போக்கை மாற்றவும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து மிசூரி எப்படிக் குழம்பிக் கிடந்தது என்று தெரிந்துகொள்ள இவர் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் போதும் என்பது என் எண்ணம்.

ஜெஃப்னா ஜெஃபர்சனா? தெற்கோட ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸுக்குச் சொந்தமா?

சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. முழுப்பெயர் மெரிவெதர் ஜெஃப் தாம்ப்சன். கடிதங்களிலும் அறிக்கைகளிலும் 'எம். ஜெஃப் தாம்ப்சன்' என்றே இருக்கும், நம் ஊர் இனிஷியல் மாதிரி. ஊரே அவரை ஜெஃப் என்றுதான் கூப்பிட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜேக்கப் தாம்ப்சன் என்று ஒருவர், கனடாவில் தங்கி தென்தரப்புக்காக ரகசிய வேலை பார்த்தவர். அவர் வேறு, இவர் வேறு. தேடும்போது கவனமாக இருங்கள், நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

வர்ஜீனியாக்காரர் மிசூரிக்கு ஏன் போனார்?

பிறந்த ஊர் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. அப்போது வர்ஜீனியா, இப்போது மேற்கு வர்ஜீனியா. அரசு ஆயுதச்சாலை இருந்த ஊர். அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன் 1859-இல் தாக்கியது இந்த ஆயுதச்சாலையைத்தான். ஆனால் தாம்ப்சன் அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1847-இல், மிசூரிக்கு வந்துவிட்டார். முதலில் லிபர்ட்டி என்ற ஊர், அப்புறம் செயின்ட் ஜோசப்.

அந்த நாளில் பிழைப்புத் தேடுகிற இளைஞன் மேற்கே போவது வழக்கம்தான். செயின்ட் ஜோசப், மிசூரி ஆற்றின் கரையில் முளைத்த புது ஊர். ஆற்றைத் தாண்டினால் கான்சாஸ் பக்கத்துச் சமவெளி. 1849-இல் கலிஃபோர்னியாவில் தங்கம் என்று கூட்டம் கிளம்பியபோது வண்டி, மாடு, மாவு, உப்புக்கண்டம் எல்லாம் வாங்க இங்கேதான் நின்றது. தாம்ப்சன் கடை குமாஸ்தாவாக ஆரம்பித்து, சங்கிலி பிடித்து நிலம் அளக்கும் வேலைக்கு மாறினார். ஹனிபல் என்ற ஊரிலிருந்து செயின்ட் ஜோசப் வரை மாநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போன ரயில்பாதையின் மேற்குப் பகுதி வேலையை மேற்பார்த்தார். 1859 பிப்ரவரியில் அந்தப் பாதை முடிந்தபோது நாட்டிலேயே மேற்கு ஓரத்துக்கு வந்த ரயில் அதுதான். நிலம் வாங்கி விற்பதிலும் இறங்கினார். சர்வேயருக்கு எந்த மனை விலை ஏறும் என்று தெரியாமலா இருக்கும்?

சரி, மேயரா இருந்து என்னதான் கிழிச்சார்?

1850-களின் கடைசியில் மேயரானார். ஒன்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது, மேயர் என்றதும் பெரிய மாநகராட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் காலத்தில் நடந்ததில் உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு சாயங்காலத்தை: 1860 ஏப்ரல் 3. போனி எக்ஸ்பிரஸ் என்ற குதிரைத் தபால் முதல்முறை கிளம்பிய நாள்.

கிழக்கிலிருந்து தபால் கொண்டுவர வேண்டிய ஆள் வழியில் ரயிலைத் தவறவிட்டுவிட்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டிய குதிரை நின்றுகொண்டே இருந்தது. காத்திருந்த கூட்டம் சும்மா இருக்குமா? நினைவுக்கு இருக்கட்டும் என்று குதிரையின் வால் மயிரை ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்க ஆரம்பித்தது. கடைசியில் குதிரையைத் திரும்ப லாயத்தில் கொண்டுபோய்க் கட்ட வேண்டியதாயிற்று என்பார்கள். ஒருவழியாகத் தனி எஞ்சினில் தபால் வந்து சேர, ஏழேகால் மணி வாக்கில் குதிரை கிளம்பியது. வழியனுப்பிப் பேசியவர்களில் மேயர் தாம்ப்சனும் ஒருவர், கூட்டத்தை மூன்று தரம் ஆரவாரம் செய்யச் சொன்னார். தபால் பையில் இருந்தவை ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான கடிதங்கள், சில தந்திகள். சுமார் 3,000 கிலோமீட்டர் தாண்டி, பத்து நாளில் கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ போய்ச் சேர்ந்தன.

அப்போ போனி எக்ஸ்பிரஸ் இவர் ஆரம்பிச்சதா?

இல்லை. ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடல் என்ற மூன்று பங்காளிகளின் கம்பெனி அது. மேயர் விழாவுக்கு வந்து பேசினார், அவ்வளவுதான். அந்தச் சேவையும் ஒன்றரை வருடம்தான் ஓடியது. 1861 அக்டோபர் 24-இல் கண்டத்தின் இரு கரையையும் தந்திக் கம்பி இணைத்தது, குதிரைக்கு வேலை போயிற்று.

மிசூரி வடக்கா தெற்கா? எனக்கு எப்பவுமே குழப்பம்.

உங்களுக்கு மட்டுமில்லை, மிசூரிக்கே குழப்பம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சட்டப்படி அடிமை முறை உள்ள மாநிலம். 1860 மக்கள்தொகைக் கணக்கில் சுமார் 1,15,000 பேர் அடிமைகள். ஆனாலும் 1861 மார்ச்சில் கூடிய மாநில மாநாடு பிரிவினை வேண்டாம் என்று முடிவு செய்தது, 98 பேர் ஒரு பக்கம், ஒரே ஒருவர் மறுபக்கம். அதே நேரத்தில் ஆளுநர் கிளைபோர்ன் ஃபாக்ஸ் ஜாக்சனின் மனம் முழுக்கத் தெற்கில் இருந்தது.

மே 10-இல் செயின்ட் லூயிஸில் ஒன்றியப் படை, அதாவது வடதரப்பு, மாநில மிலிஷியா (தேவைப்படும்போது கூடும் குடிமக்கள் படை) முகாமை வளைத்துப் பிடித்தது. தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்து பொதுமக்கள் செத்தார்கள். அதுவரை நடுவில் நின்ற பலர் அன்றைக்குத்தான் ஒரு பக்கம் சாய்ந்தார்கள். சட்டமன்றம் அவசரமாக 'மிசூரி மாநிலக் காவற்படை' என்று ஒன்றை உருவாக்கியது. அடுத்த மாதமே ஆளுநர் தலைநகரை விட்டு ஓடினார். மாநாடு வேறொரு ஆளுநரை நியமித்தது. ஓடிய அரசு ஒன்று, உட்கார்ந்த அரசு ஒன்று. நவம்பர் 28-இல் பிரிந்துபோன மாநிலங்களின் தெற்குக் கூட்டமைப்பு மிசூரியைத் தன் மாநிலமாகச் சேர்த்துக்கொண்டது, ஒன்றியமோ விடவே இல்லை. கூட்டமைப்பின் கொடியில் பதின்மூன்று நட்சத்திரம் வந்ததற்கு மிசூரியும் கென்டக்கியும்தான் காரணம். உண்மையில் பிரிந்துபோய் நடத்தியவை பதினொன்றுதான்.

மாநிலக் காவற்படை வேறு, கூட்டமைப்பு ராணுவம் வேறு. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மேயரா இருந்துக்கிட்டே தேசியக் கொடியைக் கிழிச்சாராமே?

பாதிதான் சரி. 1861 மே மாதம், செயின்ட் ஜோசப் தபால் அலுவலகம். லிங்கன் அரசு நியமித்த புது போஸ்ட்மாஸ்டர் கூரைமேல் அமெரிக்கக் கொடியை ஏற்றியிருந்தார். தெற்கு அபிமானிகள் கீழே கூடிக் கத்தினார்கள். தாம்ப்சன் மேலே ஏறி, கொடியைப் பிடுங்கி, கூட்டத்துக்குள் எறிந்தார். கிழித்தது கூட்டம். அப்போது அவர் முன்னாள் மேயர்.

நடந்ததை நினைத்தால் எனக்குக் குதிரைத் தபால் நாள்தான் ஞாபகம் வரும். அமெரிக்கத் தபால் மேற்கே போகிறது என்று ஆரவாரம் செய்யச் சொன்ன அதே ஆள், பதின்மூன்று மாதம் கழித்து அதே ஊரில், அமெரிக்கத் தபால் அலுவலகத்தின் கூரைமேல். ஊருக்கும் அதனால் நல்லது நடக்கவில்லை. ஒன்றியப் படை வந்து உட்கார்ந்தது, தாம்ப்சன் கிளம்பிவிட்டார்.

ராணுவப் பள்ளியில படிச்சவரா? எப்படி திடீர்னு ஜெனரல் ஆனார்?

படிக்கவில்லை. போருக்கு முன் மாநில மிலிஷியாவில் பதவி வகித்திருந்தார், அதுதான் அனுபவம். ஆளுநர் ஜாக்சன் போர் தொடங்கலாமா வேண்டாமா என்று இழுத்தடித்தபோது அவர் முகத்துக்கு நேரே, 'சிப்பாய்க்கு இரண்டு குணம் வேண்டும், ஒன்று புத்தி, இன்னொன்று தைரியம். உங்களிடம் இரண்டும் இல்லை' என்ற தொனியில் சொல்லிவிட்டு வெளியேறினார் என்று ஒரு கதை உண்டு. அவர் எழுத்தையும் பேச்சையும் படித்தவர்களுக்கு இதை நம்புவது கஷ்டமாக இருக்காது.

மாநிலக் காவற்படை மாவட்டவாரியாக டிவிஷன்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தென்கிழக்கு மூலைக்கு முதல் டிவிஷன். அதன் தளபதி வாட்கின்ஸ் விலகியதும் 1861 ஜூலைக் கடைசியில் அந்தப் பொறுப்பு தாம்ப்சனுக்கு வந்தது, பிரிகேடியர் ஜெனரல் பட்டத்தோடு. வடமேற்கு மூலைக்காரர் தென்கிழக்கு மூலைக்குத் தளபதி!

'சதுப்பு நில நரி'ன்னு ஏன் பேர்?

தென்கிழக்கு மிசூரி அன்றைக்குச் சைப்ரஸ் மரமும் தேங்கிய தண்ணீருமாகக் கிடந்த பூமி. மிசிசிப்பிக்கும் செயின்ட் ஃபிரான்சிஸ் ஆற்றுக்கும் நடுவில் வழி தெரிந்தவன்தான் நடமாட முடியும். தாம்ப்சனின் ஆட்கள் அங்கிருந்து திடீரென்று வெளியே வந்து அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர்களுக்குச் 'சதுப்பு எலிகள்' என்று பெயர். தலைவர் நரி.

பட்டம் புதிதில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியனுக்கு இருந்த பட்டம் அது. இணையத்தில் தேடும்போது இருவரும் கலந்து வருவார்கள். நூற்றாண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிரியை நாலு துண்டா வெட்டுவேன்னு அறிக்கை விட்டவர் இவர்தானா?

இவர்தான். பின்னணி தெரியாமல் படித்தால் வெறும் வாய்வீச்சாகத் தோன்றும். 1861 ஆகஸ்ட் 30-இல் ஒன்றியப் படையின் மேற்குப் பகுதித் தளபதி ஃப்ரீமான்ட் ஓர் ஆணை போட்டார். மிசூரியில் ராணுவச் சட்டம். ஒன்றியப் படையின் எல்லைக்குள் ஆயுதத்தோடு பிடிபட்டுக் குற்றம் உறுதியானவர்கள் சுட்டுக் கொல்லப்படுவார்கள். கிளர்ச்சிக்காரர்களின் சொத்து பறிமுதல், அவர்களின் அடிமைகளுக்கு விடுதலை.

மூன்றே நாளில், செப்டம்பர் 2-ஆம் தேதியிட்டு, தாம்ப்சனின் பதில் வந்தது. இந்த ஆணைப்படி எங்கள் ஆள் ஒருவனைக் கொன்றால், பதிலுக்கு ஆபிரகாம் லிங்கனின் கையாள் ஒருவனைத் தூக்கிலிட்டு, குடலை உருவி, நாலு கூறாக்குவேன். பழைய இங்கிலாந்தில் ராஜதுரோகிகளுக்குக் கொடுத்த தண்டனை அது. அதை ஒரு முன்னாள் மேயர் பொது அறிக்கையில் எழுதுகிறார்.

எனக்கு இதில் பிடித்த விஷயம் தேதிதான். அதே செப்டம்பர் 2-ஆம் தேதி வாஷிங்டனில் உட்கார்ந்து லிங்கன் ஃப்ரீமான்டுக்கு எழுதுகிறார்: நீங்கள் ஒருவனைச் சுட்டால் அவர்கள் பழிக்குப் பழியாக நம்மில் சிறந்த ஒருவனைச் சுடுவார்கள், இது தலைக்குத் தலை என்று முடிவில்லாமல் போகும், என் சம்மதம் இல்லாமல் யாரையும் சுடாதீர்கள் என்று. தாம்ப்சனின் அறிக்கையைப் பார்த்து எழுதியதில்லை, பார்க்க நேரமும் இல்லை. எதிராளி எப்படி யோசிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடிமை விடுதலைப் பகுதியையும் திருத்தச் சொன்னார். ஃப்ரீமான்ட் மறுக்கவே செப்டம்பர் 11-இல் ஆணையாகவே போட்டார். நவம்பர் தொடக்கத்தில் ஃப்ரீமான்டின் பதவியும் போயிற்று.

ஒரு சண்டையாவது ஜெயிச்சாரா?

சின்னச் சின்னதாக. 1861 அக்டோபர் 15-இல் குதிரைப்படையோடு போய், பிக் ரிவர் மேல் இருந்த அயர்ன் மவுன்டன் ரயில்பாதைப் பாலத்தைக் காவலோடு பிடித்து எரித்தார். ரயில்பாதை போட்டவருக்குப் பாலத்தின் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஆறு நாள் கழித்து, அக்டோபர் 21-இல், ஃபிரெடரிக்டவுனில் இரண்டு பக்கமிருந்து வந்த ஒன்றியப் படைகளிடம் தோற்றார். ஊரைவிட்டுத் தெற்கே போனவர், வழியில் மனம் மாறித் திரும்பி வந்து மோதினார். அவருடைய கர்னல் ஏடன் லோ களத்தில் செத்தார். தென்கிழக்கு மிசூரி பெரும்பாலும் ஒன்றியத்தின் கைக்குப் போயிற்று. போனி எக்ஸ்பிரஸ் செத்துப்போன அதே வாரம் இது.

ஆனாலும் அவர் சும்மா இல்லை. அந்த வருட நவம்பரில் ஒன்றியத் தளபதி கிராண்ட் பெல்மான்டில் சண்டை போட்டபோது, தாம்ப்சனைத் துரத்துவதற்கென்றே தனிப்படை ஒன்று செயின்ட் ஃபிரான்சிஸ் ஆற்றுப் பக்கம் போயிருந்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான கிராண்டின் படைநகர்வுகளில் இந்தச் சர்வேயரும் ஒரு காரணம்.

தரைப்படை ஆளுக்குக் கப்பல்ல என்ன வேலை?

1862 வசந்தத்தில் மிசிசிப்பியைக் காக்கத் தெற்கிடம் இருந்தது ஒரு விசித்திரமான படகுக் கூட்டம். நீராவிப் படகுகளின் பக்கச் சுவருக்குள் பஞ்சு மூட்டைகளை இறுக்கி வைத்திருப்பார்கள், இரும்புக் கவசத்துக்குப் பதில் பஞ்சு. வேலை எதிரிக் கப்பலை முட்டி உடைப்பது. பீரங்கி இயக்க ஆள் வேண்டும் என்றபோது தாம்ப்சனின் மிசூரி ஆட்கள் ஏறினார்கள். மே 10-இல் பிளம் பாயின்ட் வளைவில் ஒன்றியத்தின் இரண்டு இரும்புக் கப்பல்களை முட்டி மூழ்கடித்தார்கள். ஆழமில்லாத இடம் என்பதால் ஒன்றியம் இரண்டையும் பிறகு தூக்கிக்கொண்டது, அது வேறு விஷயம்.

ஜூன் 6, மெம்ஃபிஸ். விடிந்ததும் சண்டை. ஊர் ஜனம் முழுக்க மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. தாம்ப்சனும் கரையில்தான் நின்றார். எட்டுப் படகில் ஏழு போயின, இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போன ஏழில் ஒன்றின் பெயர் 'ஜெனரல் எம். ஜெஃப் தாம்ப்சன்'. குண்டு பட்டுத் தீப்பிடித்து, கரையில் தட்டி, வெடித்துச் சிதறியது. தன் பெயர் எழுதிய படகு வெடிப்பதைக் குதிரைமேலிருந்து பார்க்கிற அனுபவம் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்? 'அவை போயின, நானும் போகிறேன்' என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார் என்பார்கள். மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் படகுகளை ஓட்டிய விதத்தையோ திட்டத்தையோ குறை சொல்லத் தயங்கவில்லை.

எப்படிப் பிடிபட்டார்?

1863 ஏப்ரலில் மார்மடூக் என்ற தளபதியோடு மிசூரிக்குள் ஒரு தாக்குதலுக்குப் போய்வந்தார். ஆகஸ்டில் ஆர்கன்சாவின் போகாஹன்டாஸ் ஊரில் இருந்தபோது ஒன்றியக் குதிரைப்படை திடுதிப்பென்று வந்து பிடித்துக்கொண்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. தென்கிழக்கு மிசூரி வரைபடத்தில் கோடு இழுத்துக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள் என்று சொல்வதுண்டு. சர்வேயர் பிடிபடுவதென்றால் அப்படித்தான் பிடிபட வேண்டும். செயின்ட் லூயிஸில் கிரேஷியட் தெருச் சிறை, பிறகு எரி ஏரியில் ஜான்சன் தீவு, ஃபோர்ட் டெலவேர் என்று ஒரு வருடம் போயிற்று.

பீரங்கிக்கு முன்னால நிக்க வெச்ச அறுநூறு கைதிகள்ல இவரும் ஒருத்தரா?

இல்லை, அது பின்னால் நடந்தது. இவர் ஐம்பது பேர் கூட்டத்தில் இருந்தவர். 1864 ஜூனில் தென்தரப்புத் தளபதி ஒருவர், ஒன்றியக் குண்டு விழுந்துகொண்டிருந்த சார்ல்ஸ்டன் நகருக்குள் ஐந்து ஜெனரல்கள் உட்பட ஐம்பது ஒன்றிய அதிகாரிகளைக் கொண்டுவந்து வைத்தார். பதிலுக்கு ஒன்றியம் அதே கணக்கில், ஐந்து ஜெனரல்கள், நாற்பத்தைந்து மற்ற அதிகாரிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. அந்த ஐந்தில் தாம்ப்சன் ஒருவர். ஆகஸ்ட் 3-இல் இரு தரப்பும் ஐம்பதுக்கு ஐம்பது மாற்றிக்கொண்டன. அறுநூறு பேர் கதை அதற்கப்புறம் அதே துறைமுகத்தில் நடந்த வேறொரு கொடுமை.

அப்போ வடக்கே இவரை ஜெனரல்னு ஒத்துக்கிச்சே! உண்மையிலேயே கூட்டமைப்பு ஜெனரல்தானா?

வில்லங்கமான கேள்வி இதுதான். மேலே மாநிலக் காவற்படை வேறு, கூட்டமைப்பு ராணுவம் வேறு என்று சொன்னேன் இல்லையா? அவருடைய பிரிகேடியர் ஜெனரல் பதவி மிசூரி மாநிலம் கொடுத்தது. கூட்டமைப்பு அந்தப் பதவியை அவருக்குக் கடைசி வரை கொடுக்கவில்லை. ஆனால் கூட்டமைப்பின் படகில் ஆள் ஏற்றினார், அதன் படைப்பிரிவை நடத்தினார், அதன் பெயரால் சரணடைந்தார். எதிரி அவரை ஜெனரலாகக் கணக்கு வைத்தே கைதி மாற்றம் செய்தான். சம்பளப் பட்டியலில் இல்லாமல் ஆபீஸை நடத்தியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'கூட்டமைப்பு ஜெனரல்கள்' என்ற பட்டியலில் அவர் பெயர் இருந்தால் நான் மேற்கோள் குறி போட்டுத்தான் படிப்பேன். 'கூட்டமைப்பு அதிகாரி' என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

விடுதலையானதும் வீட்டுக்குப் போயிருக்கலாமே?

அவர் அந்த ரகமில்லை. 1864 இலையுதிர்காலத்தில் தென்தரப்புத் தளபதி ஸ்டெர்லிங் பிரைஸ் மிசூரிக்குள் பெரும்படையோடு நுழைந்தபோது போய்ச் சேர்ந்துகொண்டார். கர்னல் ஷாங்க்ஸ் காயம்பட்டு விழவே, ஜோ ஷெல்பியின் புகழ்பெற்ற 'இரும்பு பிரிகேட்' இவர் கைக்கு வந்தது. அக்டோபர் 15-இல் செடாலியா ஊரைப் பிடித்தார். பிறகு வெஸ்ட்போர்ட், மைன் கிரீக் என்று பிரைஸின் படையே சிதறியது. தோற்ற படையெடுப்பில் ஒழுங்காக வேலை பார்த்தவர்கள் வரிசையில் இவரைச் சேர்க்கலாம். அவரது போர்க்காலத்தில் நான் அதிகம் மதிப்பது இந்த இரண்டு மாதத்தைத்தான்.

சரணடைஞ்சப்போ 7,454 பேர்னு கணக்கு. சதுப்புல ஒளிஞ்சிருந்த நரிகிட்ட அத்தனை பேர் எங்கிருந்து வந்தாங்க?

அவருக்கும் அதே ஆச்சரியம்தான்! 1865 மார்ச்சில் வடக்கு ஆர்கன்சா அவர் பொறுப்பில் வந்தது. தெற்கின் பெரிய தளபதி லீ ஏப்ரலிலேயே சரணடைந்தாயிற்று. மே 11-இல் சாக் பிளஃப் என்ற இடத்தில் தாம்ப்சன் ஒப்பந்தத்துக்கு இணங்கினார். ஆட்கள் சிதறிக் கிடந்ததால் இரண்டு இடத்தில் பரோல் கொடுத்தார்கள், அதாவது இனி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மே 25-இல் விட்ஸ்பர்க்கில் 193 அதிகாரிகள், 1,964 சிப்பாய்கள். ஜூன் 5-இல் ஜாக்சன்போர்ட்டில் 443 அதிகாரிகள், 4,854 சிப்பாய்கள். கூட்டிப் பார்த்தால் 7,454 சரியாக வரும்.

போர் நடந்தபோது கண்ணில் படாதவர்கள் எல்லாம் பரோல் சீட்டு வாங்கவும் சாப்பாடு வாங்கவும் வரிசையில் நின்றார்கள். ஜாக்சன்போர்ட்டில் அவர்களைப் பார்த்துத் தாம்ப்சன் பேசிய பேச்சு பத்திரிகைகளில் வந்தது. மூன்று வருடமாக உங்களில் பலரை மனுஷன் கண்ணால் பார்க்கவில்லை, முதுகில் ஆறு அங்குலம் பாசி படர்கிற வரை சதுப்பில் படுத்துக் கிடந்துவிட்டு வீரர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்களா என்று வெளுத்து வாங்கினார். சரணடைகிற தளபதிகள் கண்ணீரும் நன்றியுமாகப் பேசுவதுதான் வழக்கம். சொந்தப் படையை நிற்க வைத்துத் திட்டியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பரோலுக்கு மட்டும் வந்தவர்களை எண்ணித்தான் அந்தக் கோபம். உண்மையிலேயே சண்டை போட்டவர்களைத் தனியாகப் பிரித்தே பேசினார்.

அடிமை முறையை ஆதரிச்சவரை எதுக்கு இவ்வளவு ரசிச்சுப் பேசறீங்க?

நியாயமான கேள்வி, இதை முதலில் கேட்டவர் ஒரு பள்ளிக்கூடப் பெண். 'மாநில உரிமைக்காகப் போரிட்டார்' என்று சொல்லித் தப்பிக்க நான் தயாரில்லை. நாலு கூறாக்குவேன் என்ற அறிக்கை எந்த ஆணைக்குப் பதில் என்று மேலே பாருங்கள். அந்த ஆணையில் அடிமைகளுக்கு விடுதலை இருந்தது. மிசூரிக்குள் தெற்கு ஜெயித்திருந்தால் அந்த 1,15,000 பேரின் கதி என்ன என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

குதிரை வால் மயிரும் பாசி படர்ந்த முதுகும் படிக்கச் சுவாரசியமாக இருக்கின்றன. ஆனால் நான் மேலே எழுதியதில் மேயர், ஆளுநர், தளபதி, போஸ்ட்மாஸ்டர் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். செயின்ட் ஜோசப்பில் அன்றைக்கு அடிமையாக இருந்த ஒருவரின் பெயர்கூட இந்தப் பக்கத்தில் இல்லை. இந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

போருக்கப்புறம் தண்டனை கிடைச்சுதா?

இல்லை. பரோலில் வீட்டுக்குப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிபோய், பழைய தொழிலுக்கே திரும்பினார். கிடைத்த வேலை என்ன தெரியுமா? லூசியானாவின் சதுப்பு நிலங்களைச் சீர்படுத்தத் திட்டம் போடுவது. சதுப்பில் ஒளிந்து பெயர் வாங்கியவர், சதுப்பை வடிய வைக்கிற பொறியாளர் ஆனார். அந்த வேலையில் உடம்பு கெட்டது. செயின்ட் ஜோசப்புக்குத் திரும்பி வந்து 1876-இல் இறந்தார். நினைவுக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார், அவை புத்தகமாக வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

செயின்ட் ஜோசப் போனா பார்க்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது. குதிரைத் தபாலின் லாயம் இப்போது அருங்காட்சியகம். அந்தக் கம்பெனியின் அலுவலகம் இருந்த பேட்டி ஹவுஸ் ஹோட்டல் கட்டடமும் அருங்காட்சியகம்தான். ஊருக்கு வருகிற கூட்டம் பெரும்பாலும் குதிரைக்காகவோ, 1882-இல் அங்கே சுடப்பட்ட கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்காகவோ வருகிறது.

தாம்ப்சன் மவுன்ட் மோரா கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். மேட்டுப் பாங்கான இடம். சதுப்பு இல்லை.